குறைந்தபட்சமா, சராசரியா? ஒரு சிறு நிரல் நூலகத்தின் வரலாறு

கணினியியல் ஆய்வேடுகளில் அடிக்கடி எதிர்ப்படும் வாக்கியம் ஒன்று உண்டு: “முன்மொழியப்பட்ட முறை நடப்பிலுள்ள முறையைவிடப் பத்து விழுக்காடு விரைவானது.” அட்டவணையில் இரண்டு எண்கள், அவற்றுக்கிடையே ஒரு விகிதம், அதன்மேல் ஒரு முடிவுரை. அவ்விரு எண்களும் ஒருமுறை ஓட்டிப் பெற்றவையா, நூறுமுறை ஓட்டிப் பெற்றவையா, நூறுமுறையெனில் அந்த நூறிலிருந்து எந்த எண் அட்டவணையில் ஏறியது என்பன பல வேளைகளில் சொல்லப்படுவதில்லை. மறைக்கும் நோக்கம் அதன் பின்னால் இருப்பது அரிது. அந்தத் தேர்வை ஆய்வாளர் தாமாகச் செய்யவே இல்லை. அவர் பயன்படுத்திய அளவீட்டு நூலகம் அவருக்காக அதைச் செய்துவிட்டது.

அத்தகைய நூலகங்களுள் பரவலாகப் புழங்குவதும் மிகச் சிறியதுமான ஒன்று, பைத்தான் மொழியோடு சேர்ந்தே வரும் ‘டைமிட்’. 2003 ஜூலையில் வெளியான பைத்தான் 2.3 பதிப்பில் அது முதன்முதலாக இடம்பெற்றது. விளக்கக் குறிப்புகளையும் சேர்த்துச் சில நூறு வரிகளுக்குள் அடங்கிவிடும் திறமூலக் கோப்பு அது. எவரும் திறந்து படிக்கலாம். பயனர் எதுவும் சொல்லாதபோது நிரல் தானே எடுத்துக்கொள்ளும் முடிவுகளை முன்னிருப்புகள் என்கிறோம். டைமிட்டின் முன்னிருப்பு ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாரோ ஒருவர் முன்பு செய்த பிழையும், அப்பிழையிலிருந்து பெற்ற பாடமும் இருக்கின்றன. அவ்வகையில் அச்சிறு கோப்பு ஒரு வரலாற்று ஆவணமும் ஆகும்.

அந்தப் பாடங்களின் தொடக்கம் டைமிட்டுக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் முந்தியது. 1972இல் இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் ஆல்கால் 60 மொழியில் ஒரு சோதனை நிரல் எழுதப்பட்டது. ஹரால்ட் கர்னோவும் பிரையன் விக்மனும் அதைப் பற்றிய கட்டுரையை 1976இல் வெளியிட்டனர். அந்நிரல் பயனுள்ள எந்த வேலையையும் செய்யாது. உண்மையான அறிவியல் நிரல்களில் எந்தெந்தச் செயல்கள் எவ்வளவு மிகுதியாக வருகின்றனவோ, அதே விகிதத்தில் கூட்டலையும் பெருக்கலையும் முக்கோணவியல் சார்புகளையும் கலந்து ஓட்டுவது மட்டுமே அதன் பணி. லெஸ்டர்ஷயரின் வெட்ஸ்டோன் என்னும் ஊரில் உருவான ஆல்கால் தொகுப்பியின் வழியாக அதற்கு ‘வெட்ஸ்டோன்’ என்ற பெயர் அமைந்தது. அச்சொல்லுக்கு ஆங்கிலத்தில் சாணைக்கல் என்று பொருள். செயலளவில் அது உரைகல்லாக இருந்தது.

1984இல் ரைன்ஹோல்ட் வைக்கர் முழுஎண் கணக்குகளுக்கும் எழுத்துச்சரங்களுக்கும் உரிய மற்றொரு செயற்கைச் சோதனையை உருவாக்கினார். வெட்ஸ்டோனின் முதலசை ‘ஈரம்’ என்று ஒலிப்பதால், தம் சோதனைக்கு அவர் ‘உலர்ந்த’ என்னும் ஒலி வரும்படி ‘டிரைஸ்டோன்’ என்று பெயரிட்டார். வேக்ஸ் 11/780 என்ற கணினி நொடிக்கு 1757 டிரைஸ்டோன் சுற்றுகளை ஓட்டியது. அந்த 1757 என்ற எண் ஓர் அலகாகவே நிலைபெற்று, பின்வந்த செயலிகள் பலவற்றின் விளம்பர ஏடுகளில் வகுக்கும் எண்ணாக அமர்ந்தது.

டிரைஸ்டோன் அளவீட்டியலுக்குத் தந்த முதன்மையான பாடம் அதன் வெற்றியிலிருந்து வரவில்லை. நிரலை எந்திர மொழிக்கு மாற்றும் தொகுப்பிகள் காலப்போக்கில் கூர்மையடைந்தன. ஒரு கணக்கின் விடையை நிரலின் எந்தப் பகுதியும் பயன்படுத்தவில்லை என்று கண்டால், அந்தக் கணக்கையே நீக்கிவிடும் ஆற்றல் அவற்றுக்கு வாய்த்தது. பயனற்ற வேலையைச் செய்வதையே தொழிலாகக் கொண்ட சோதனை நிரலுக்கு இதைவிடப் பெரிய இடர் இல்லை. செய்யப்படாத வேலைக்கு வேகப் பட்டம் கிடைத்தது. ஆகவே வைக்கர் 1988இல் இரண்டாம் பதிப்பை வெளியிட்டார். கணக்கிட்ட மதிப்புகளை இறுதியில் அச்சிடச் செய்து, அவை பயன்படுவதாகத் தொகுப்பியை நம்பவைத்தார். அளக்கப்படும் பொருள் அளவீட்டுக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் என்ற எச்சரிக்கை அன்றிலிருந்து இத்துறையின் அடிப்படைப் பாடங்களுள் ஒன்று.

பைத்தானுக்கும் இம்மரபோடு நேரடி உறவு உண்டு. டிரைஸ்டோனைப் பைத்தானில் பெயர்த்தெழுதிய ‘பைஸ்டோன்’ என்ற நிரல் அம்மொழியின் சோதனைத் தொகுப்பில் நெடுங்காலம் இருந்தது. ஆனால் வெட்ஸ்டோன், டிரைஸ்டோன், பைஸ்டோன் ஆகிய மூன்றும் ஒரே வகைக் கேள்விக்கு விடை தேடியவை: இந்தக் கணினி, அல்லது இந்த மொழியமைப்பு, மொத்தத்தில் எவ்வளவு விரைவானது? அக்கேள்வி விற்பவருக்கும் வாங்குபவருக்கும் உரியது. நாள்தோறும் நிரல் எழுதுபவரின் கேள்வி வேறு: ஒரே வேலையைச் செய்யும் இந்த இரண்டு வரிகளில் எது விரைவானது?

டைமிட் இந்த இரண்டாம் கேள்விக்காகப் பிறந்தது. அதன் ஆவணத்தில் உள்ள எடுத்துக்காட்டே இதை விளக்கும். நூறு எண்களை எழுத்தாக்கி இடையில் சிறுகோடு இட்டு இணைக்க வேண்டும். அதைப் பைத்தானில் மூன்று விதமாக எழுதலாம்; மூன்றும் ஒரே விடையைத் தரும்; மூன்றின் நேரங்கள் மட்டும் சற்றே வேறுபடும். அந்த வேறுபாடு நொடியின் மிக நுண்ணிய பகுதி. தொடக்கத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்துக் கழித்தால், கடிகாரத்தைப் பார்க்க ஆகும் நேரமே அளக்க வேண்டிய நேரத்தை விழுங்கிவிடும். எனவே டைமிட் அந்த வரியை முன்னிருப்பாகப் பத்து லட்சம் முறை சுற்றவிட்டு மொத்த நேரத்தை எடுக்கும். கட்டளை வரியில் இயக்கினால், மொத்த நேரம் குறைந்தது 0.2 நொடி ஆகும்வரை சுற்றுகளின் எண்ணிக்கையைத் தானே பெருக்கிக்கொள்ளும்.

சுற்றுவதற்கும் நேரம் ஆகும் அல்லவா? அதையும் கோப்பின் ஆசிரியர்கள் கருத்தில் கொண்டனர். சுற்றை எண்ணுவதற்கு ஒவ்வொரு முறையும் புதிய எண்ணை உருவாக்காமல், ஒரே பொருளைத் திரும்பத் திரும்பத் தரும் உத்தியைக் கையாண்டனர். அளக்க வேண்டிய வரியை ஒரு செயற்கூறுக்குள் பொதிந்து, பெயர்களைத் தேடும் செலவைக் குறைத்தனர். முன்தயாரிப்பு வேலைகளைக் கடிகாரத்துக்கு வெளியே நிறுத்தினர். பயன்படாத நினைவகத்தை அவ்வப்போது மீட்கும் குப்பை சேகரிப்பு இடையில் புகுந்து ஒரு சுற்றுக்கு மட்டும் கூடுதல் நேரத்தை ஏற்றிவிடக்கூடும் என்பதால், அளக்கும்போது அதை நிறுத்திவைத்தனர். நிரல் வேகத்தை அளப்பவர் பொதுவாக விழும் குழிகளைத் தவிர்ப்பதே இந்நூலகத்தின் பயன் என்று ஆவணம் கூறுகிறது. கூடவே ‘பைத்தான் குக்புக்’ நூலில் டிம் பீட்டர்ஸ் எழுதிய அறிமுகத்தையும் சுட்டுகிறது.

இவையெல்லாம் பொறியியல் நுணுக்கங்கள். கொள்கை சார்ந்த முடிவு வேறோர் இடத்தில் இருக்கிறது. டைமிட் மேற்சொன்ன அளவீட்டை முழுதாகச் சிலமுறை திரும்பச் செய்யும். தொடக்கத்தில் மூன்றுமுறை; பைத்தான் 3.7 முதல் ஐந்துமுறை. ஐந்து எண்கள் கிடைக்கும். அவற்றுள் எதை விடையாகக் கொள்வது? புள்ளியியல் படித்தவர் உடனே சராசரியையும் திட்ட விலக்கத்தையும் கணக்கிடத் தொடங்குவார். டைமிட்டின் ஆவணம் அவரைத் தடுக்கிறது. அதன் வாதத்தின் சாரம் இது: ஒரு வரியை ஓட்டக் கணினிக்குத் தேவைப்படும் நேரத்துக்கு ஒரு கீழெல்லை உண்டு. எந்தச் சூழலிலும் அதற்குக் கீழே போக இயலாது. கிடைத்த எண்களில் கூடுதலாகத் தெரிவதெல்லாம், அதே நேரத்தில் கணினியில் ஓடிக்கொண்டிருந்த பிற நிரல்களின் குறுக்கீடே தவிர, பைத்தானின் வேகத்தில் ஏற்பட்ட மாறுபாடு அன்று. எனவே மிகச்சிறிய எண்ணே உண்மைக்கு மிக அருகிலுள்ள எண்.

இவ்வாதத்தின் வலிமையை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. சராசரி என்பது பிழைகள் இருபுறமும் சமமாக விழும் இடங்களுக்கு உரியது. நேர அளவீட்டிலோ குறுக்கீடு நேரத்தைக் கூட்டுமேயன்றிக் குறைக்காது. ஒருபக்கமாகச் சாய்ந்த பரவலில் சராசரி எடுப்பது, பக்கத்து நிரலின் செலவையும் நம் கணக்கில் எழுதிக்கொள்வதாகும். 2003இன் பைத்தானைக் கருதினால், அதே உள்ளீட்டுக்கு அதே நிரல் ஏறத்தாழ அதே படிகளில்தான் ஓடியது. மாறுபாடு வெளியிலிருந்து வந்தது என்ற நம்பிக்கைக்கு அன்று போதிய நியாயம் இருந்தது.

அந்த நியாயம் படிப்படியாகத் தேய்ந்த விதம்தான் இவ்வரலாற்றின் ஆழமான பகுதி. அதைத் தேய்த்த ஆற்றல்களுள் முதன்மையானது கணினிப் பாதுகாப்பு. நினைவகத்தில் எந்தப் பகுதி எங்கே இருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால் தாக்குபவருக்கு வேலை எளிது. ஆகவே ஒவ்வொரு முறை நிரல் தொடங்கும்போதும் அதன் பகுதிகளைக் குலுக்கிப்போட்ட முகவரிகளில் வைக்கும் முறை 2005இல் லினக்ஸ் கருவில் இடம்பெற்றது. அடுத்து 2011 டிசம்பரில், எழுத்துச்சரங்களை எண்ணாக மாற்றும் ஹேஷ் கணக்கை முன்கூட்டியே கணித்து, வேண்டுமென்றே மோதல்களை உண்டாக்கி, இணையச் சேவையகங்களை முடக்கலாம் என்பது பல மொழிகளைப் பொறுத்து எடுத்துக்காட்டப்பட்டது. பைத்தான் அதற்கு மறுமொழியாக ஹேஷ் கணக்கில் ஒரு தற்செயல் எண்ணைக் கலந்தது, 2012இன் 3.3 பதிப்பு முதல் அதுவே முன்னிருப்பாயிற்று. பைத்தானின் அகராதி அமைப்புகள் ஹேஷ் கணக்கின்மேல் நிற்பவை. மொழியின் உள்வேலைகளில் பெரும்பகுதி அகராதிகளின்மேல் நிற்பது. எனவே ஒரே நிரல், ஒரே கணினி, ஒரே உள்ளீடு என்றாலும் இருமுறை தொடங்கினால் இருவேறு வேகம் வாய்க்கக்கூடும்.

இங்கே கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. அந்தத் தற்செயல் எண்ணும் நினைவக இடவமைப்பும் நிரல் தொடங்கும் கணத்தில் ஒருமுறை மட்டுமே தீர்மானிக்கப்படுகின்றன. டைமிட்டின் ஐந்து அளவீடுகளும் ஒரே இயக்கத்துக்குள் நடப்பவை. ஐந்துக்கும் ஒரே தற்செயல் எண், ஒரே இடவமைப்பு. ஐந்து எண்களும் ஒன்றோடொன்று அழகாக ஒத்துப்போகலாம். அவ்வொற்றுமையைக் கண்டு ஆய்வாளர் மனநிறைவும் அடையலாம். ஆனால் ஐந்து சாட்சிகளும் ஒரே சாளரத்தின் வழியே பார்த்தவர்கள். சாளரத்தை மாற்றினால் காட்சி மாறுமா என்பது அவர்களுக்குத் தெரியாது.

இந்த ஐயத்தைப் பைத்தானுக்கு வெளியே, பொதுவான அறிவியல் சிக்கலாக முன்வைத்த கட்டுரை 2009இல் வெளிவந்தது. டாட் மிட்கோவிச், அமர் திவான், மத்தியாஸ் ஹவுஸ்விர்த், பீட்டர் ஸ்வீனி ஆகியோர், வெளிப்படையாகத் தவறு எதையும் செய்யாமலேயே தவறான தரவை உண்டாக்க முடியும் என்று காட்டினர். அவர்கள் மாற்றியவை இரண்டே. ஒன்று, நிரலின் கோப்புகளை இணைக்கும் வரிசை. மற்றொன்று, இயங்குதளம் நிரலுக்குத் தரும் சூழல் மாறிகளின் மொத்த நீளம். சூழல் மாறிகள் நினைவகத்தில் இடம்பிடிப்பவை. அவற்றின் நீளம் மாறினால் அதையடுத்த அடுக்கு நினைவகத்தின் தொடக்கம் நகரும். அந்நகர்வு செயலியின் தற்காலிக நினைவகத்தோடு நிரல் பொருந்தும் விதத்தை மாற்றும். பயனரின் பெயரும் சூழல் மாறிகளுள் ஒன்றாக வருவது. அப்படியெனில் நீண்ட பெயருடைய மாணவர் ஒருவருக்கும் குறுகிய பெயருடைய மாணவர் ஒருவருக்கும் ஒரே சோதனையில் வேறு வேறு முடிவு கிடைக்க இடமுண்டு.

அக்கட்டுரையாளர்கள் முன்னணி மாநாடுகளில் வெளிவந்த 133 ஆய்வுக் கட்டுரைகளையும் பரிசீலித்தனர். இவ்வகைச் சாய்வைப் போதுமான அளவுக்குக் கணக்கில் எடுத்தது அவற்றுள் ஒன்றுகூட இல்லை. அக்கட்டுரைகள் கோரிய வேகமிகுதியின் இடைநிலை அளவு பத்து விழுக்காடு. சூழல் மாறியின் நீளத்தால் மட்டுமே வரக்கூடிய மாறுபாடும் அந்த அளவை ஒத்ததாக இருக்கக்கூடும் என்றால், அப்பத்து விழுக்காட்டில் எவ்வளவு புதிய கருத்தின் பயன், எவ்வளவு தற்செயல் என்று பிரித்தறிய வழியில்லாமல் போகிறது.

இதே சிக்கலைப் பிற மொழிக் குழுக்களும் தத்தம் வழியில் எதிர்கொண்டன. ஹாஸ்கெல் மொழிக்காகப் பிரையன் ஓ’சல்லிவன் 2009இல் ‘கிரைட்டீரியன்’ என்ற நூலகத்தை எழுதினார். தேவைப்படும்வரை எதையும் கணக்கிடாத மொழி ஹாஸ்கெல். ஆகவே விடையை வற்புறுத்திக் கேட்காவிட்டால், செய்யாத கணக்குக்கு நேரம் அளந்து மகிழ நேரிடும்; வைக்கர் கண்ட பழைய குழியின் புதிய வடிவம் இது. கிரைட்டீரியன் விடையை எவ்வளவு ஆழத்துக்குக் கணக்கிட வேண்டும் என்று பயனரையே சொல்லவைத்தது. முதலில் கடிகாரத்தின் நுண்மையை அளந்தது. அளவீடுகளிலிருந்து மீண்டும் மீண்டும் மாதிரி எடுத்து நம்பிக்கை இடைவெளியைக் கணித்தது. தனித்து விலகிய மதிப்புகளால் முடிவு எவ்வளவு ஊதியிருக்கிறது என்றும் அறிவித்தது. ரஸ்ட் மொழியின் அதே பெயருள்ள நூலகம் இதன் வழித்தோன்றல்.

ஜாவா உலகில் அலெக்சி ஷிப்பிலியோவ் முன்னின்று வளர்த்த ‘ஜேஎம்எச்’ என்ற கருவி, ஒவ்வொரு சோதனையையும் புதிய இயக்கங்களில் தொடங்கும்; ஓட ஓட நிரலை மேம்படுத்தும் ஜாவா எந்திரம் சூடேறும்வரை காத்திருக்கும்; விடைகளைத் தொகுப்பி நீக்கிவிடாதபடி ‘கருந்துளை’ என்ற பெயருள்ள பொருளுக்குள் செலுத்தும். முடிவுகளின் கீழே, இவை வெறும் தரவுகளே, காரணம் அறியாமல் இவற்றிலிருந்து முடிவுக்கு வராதீர் என்ற பொருளில் ஓர் எச்சரிக்கையையும் அது அச்சிடும். தன் விடையை நம்புவதற்குமுன் ஐயுறச் சொல்லும் கருவி அது. அந்தச் சூடேறும் கருத்தும்கூடக் கேள்விக்கு உட்பட்டது: 2017இல் எட் பாரெட், லாரன்ஸ் டிராட் உள்ளிட்டோர் வெளியிட்ட ஆய்வில், எந்திரமும் சோதனையும் சேர்ந்த இணைகளில் பாதிக்கும் குறைவானவையே எப்போதும் நிலையான உச்ச வேகத்தை எட்டின.

பைத்தானில் இதற்கான மறுமொழி 2016இல் வந்தது. பைத்தானின் மைய உருவாக்குநர்களுள் ஒருவரான விக்டர் ஸ்டின்னர், மொழியின் உள்ளமைப்பில் தாம் செய்த மேம்பாடுகள் உண்மையிலேயே பயன் தருகின்றனவா என்று அறிய முயன்று, நிலையான எண்ணே கிடைக்காமல் தடுமாறினார். ஒருமுறைகூட இயங்காத நிரல் வரிகளைச் சேர்ப்பதும் நீக்குவதும்கூட எந்திர மொழியின் இடவமைப்பை மாற்றி வேகத்தைப் பாதித்ததை அவர் பதிவுசெய்தார். அத்தேடலிலிருந்து உருவான நூலகம், இன்று ‘பைபெர்ஃப்’ என்று வழங்குவது. முன்னிருப்பாக அது இருபது தனித்தனி இயக்கங்களைத் தொடங்கும். ஒவ்வொன்றிலும் ஒரு முன்னோட்டத்தை விலக்கிவிட்டு மூன்று மதிப்புகளை எடுக்கும். அறுபது மதிப்புகளின் சராசரியையும் திட்ட விலக்கத்தையும் சேர்த்தே அறிவிக்கும். செயலி தன் வேகத்தைத் தானே ஏற்றி இறக்கும் வசதிகளை அளவீட்டுக்காக நிறுத்திவைக்கவும் அதில் கட்டளை உண்டு.

டைமிட் வேண்டாம் என்றதையே பைபெர்ஃப் விடையாகத் தருகிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள வேற்றுமையைப் புள்ளியியல் நுணுக்கமாகக் கருதிக் கடந்துவிடலாகாது. மாறுபாடு எங்கிருந்து வருகிறது என்பது குறித்து இரு நூலகங்களும் இருவேறு நம்பிக்கைகளைக் கொண்டிருக்கின்றன. மாறுபாடு வெளியிலிருந்து வரும் இரைச்சல் என்பது டைமிட்டின் நம்பிக்கை. இரைச்சலை நீக்கியபின் எஞ்சுவதே நிரல். மாறுபாடு நிரலுக்குள்ளேயே குடியிருப்பது என்பது பைபெர்ஃபின் நம்பிக்கை. அந்நிலையில் மிகச்சிறிய எண் என்பது, இருபது குலுக்கல்களில் ஒருமுறை அமைந்த நல்வாய்ப்பு. அந்த நல்வாய்ப்பு நிரலைப் பயன்படுத்துவோருக்கு மீண்டும் அமையும் என்று யாரும் உறுதி கூற முடியாது. கீழெல்லை உண்மைதான், ஆனால் யாரும் குடியிராத எல்லை அது.

எனினும் பழைய விடை பொய்த்துவிட்டதாகவும் கருதலாகாது. ஒரே இயக்கத்துக்குள், ஒரே இடவமைப்பில், இரு சிறு வரிகளுள் எது குறைந்த வேலை செய்கிறது என்று விரைவில் அறிய விரும்புபவருக்குக் குறைந்தபட்ச எண் இன்றும் நல்ல வழிகாட்டி. ஒரு மாற்றம் பயனர்களின் கணினிகளில் பொதுவாகப் பயன் தரும் என்று எழுத விரும்புபவருக்கு அது போதாது. பல இயக்கங்களும் பரவலும் வேண்டும். முதலாமவர் நிரலை அளக்கிறார். இரண்டாமவர் நிரல் வாழும் உலகையும் சேர்த்து அளக்கிறார். டைமிட்டுங்கூடக் காலத்தோடு ஓரளவு அசைந்திருக்கிறது. மிக மெதுவான அளவீடு மிக விரைவானதைவிட நான்கு மடங்குக்கு மேல் போனால், முடிவு நம்பத்தக்கதன்று என்று இப்போது அது எச்சரிக்கிறது.

பாதுகாப்புக்கும் அளவீட்டுக்கும் இடையிலான பிணக்கு இன்னும் தீரவில்லை. 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்ற செயலிக் குறைபாடு வெளிப்பட்டபோது, நுண்ணிய நேரத்தை அளக்க முடிவதே மறைபொருளைத் திருடும் வழியாகும் என்பது தெளிவாயிற்று. உலாவிகள் தங்கள் கடிகாரங்களை வேண்டுமென்றே மழுங்கச் செய்தன. முகவரியைக் குலுக்கியது, ஹேஷைக் குலுக்கியது, கடிகாரத்தை மழுக்கியது ஆகிய மூன்றும் ஒரே திசையில் செல்பவை. தாக்குபவரால் முன்கணிக்க முடியாதபடி கணினிகள் தற்செயலை விரும்பி ஏற்கின்றன. அதே தற்செயல் ஆய்வாளரின் அட்டவணைக்குள்ளும் வந்து அமர்கிறது.

ஆய்வு மாணவருக்கு இவ்வரலாறு விட்டுச்செல்லும் கடமை பெரிதன்று. அட்டவணையின் கீழே நான்கு வரிகள் போதும்: எந்த நூலகம், எத்தனை தனி இயக்கங்கள், ஒவ்வொன்றிலும் எத்தனை அளவீடுகள், அவற்றுள் எந்த எண் தேர்ந்தெடுக்கப்பட்டது, ஏன். ஐந்தின் குறைந்தபட்சம் என்று எழுதுவதில் குற்றமில்லை. எழுதாமல் விடுவதில்தான் இருக்கிறது. எழுத முற்படும்போதுதான், தாம் தேர்ந்ததாக நினைத்திருந்த எண்ணை 2003இல் எழுதப்பட்ட ஒரு சிறு கோப்பு தமக்கு முன்பே தேர்ந்து வைத்திருந்தது பலருக்குத் தெரியவரும். அதன் வாதத்தை ஏற்பதா மறுப்பதா என்று முடிவு செய்த பின்னரே, அந்தப் பத்து விழுக்காடு ஆய்வாளருடைய முடிவு ஆகிறது.